நம்பிக்கையும் அரிசிக் கணக்கும்

இலங்கையில் கலா ஓயா ஆறு பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் மூழ்கினால் பாதை அடைபடும். அத்தகைய கரையோரத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்துபவர் மழைக்கு முன்பே அரிசியும் பருப்பும் சேர்த்துவைக்க வேண்டும். ‘இறைவன் தருவான் என்பவருக்கு முன்னேற்பாடு எதற்கு?’ என்று கேட்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜோர்ஜ் முல்லர் எவரிடமும் பணம் கேட்காமல் பிரார்த்தனையையே நம்பினார். ஆனாலும் வந்த காசுக்கெல்லாம் கணக்கெழுதி அறிக்கையாக அச்சிட்டார். நம்பிக்கை இருந்தால் கஷ்டம் வராது என்பதும் சரியல்ல. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். பொறுப்பேற்க ஆட்கள் இருந்ததால் இல்லம் நின்றுவிடவில்லை. ஆகவே, பிள்ளைகளின் நாளைய பசிக்குத் திட்டமிடுவது இறைவனைச் சந்தேகிப்பதல்ல. அவன் தந்ததை வீணாக்காமல் காப்பது.