தனியிடத்துத் துணையும் பிரிவின் அறமும்

லாலாகுடாவில் வாழும் தமிழருக்கு ரயிலைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிஜாம் ஆட்சிக் காலத்து ரயில் நிறுவனம் 1893ஆம் ஆண்டில் இங்கே பணிமனையை அமைத்தது. பிழைப்பு நாடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அதன் நிழலில் வேரூன்றின. பணிமனைச் சங்கொலியைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திய வீடுகளில் வளர்ந்தவர்கள் நம்முள் பலர். ஆயினும் நான் எழுதப் புகுவது பணிமனையைப் பற்றியன்று. இங்கே செப்பனிடப்பட்ட பெட்டிகள் ஓடிய காட்டுவழிகளில், ஊருக்கும் உறவுக்கும் எட்டாத தொலைவில் நின்ற சிக்னல் கேபின்களையும், அங்கே மனிதனுக்குத் துணையாயிருந்த நாய்களையும் பற்றியது. இஃது அற்பப் பொருள் என்று அன்பர்கள் கருதக்கூடும். நானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன்.

என் சித்தப்பா ரயில்வேயில் கேபின்மேனாகப் பணியாற்றியவர். சிக்கந்தராபாத்திலிருந்து மன்மாடு செல்லும் இருப்புப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம் அது. அப்பாதையில் ஒரு சிறு நிலையத்தின் கோடிக் கேபினில் அவருக்கு வேலை. நிலையக் கட்டடமே நெடுந்தூரம் தள்ளி இருந்தது. படியேறிப் போனால் ஒரு சிற்றறை. உள்ளே வரிசையாக லீவர்கள். லீவரைப் பற்றி இழுத்தால், தரையோரம் ஓடும் கம்பி உருளைகளின் மீது கிறீச்சிட, தொலைவில் கைகாட்டி மரம் தன் கையைத் தாழ்த்தும். ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே கிடக்கும் பொழுது முழுவதும் வெயிலும் பாறையும் சீத்தாப்பழச் செடிகளுமே துணை. பாம்பு வரும்; நரி வரும்; மனிதர் வருவது அரிது. சித்தியும் பிள்ளைகளும் லாலாகுடாவில் எங்களோடு இருந்தனர். ஓய்வு நாள் கிடைக்கும்போது அவர் வந்து போவார்.

அந்தக் கேபினில் மணி என்றொரு நாய் இருந்தது. எவரும் கொண்டுவந்து விட்டதன்று. ஒரு மழைநாளில் படிக்கட்டின்கீழ் ஒதுங்கிய குட்டி, சித்தப்பாவின் தயிர்ச்சோற்றில் பாதி அன்று அதற்குப் போயிற்று, மறுநாளும் போயிற்று. பள்ளி விடுமுறையில் அங்கே சென்று தங்கிய நாள்களில் நான் அதனை நன்கு அறிந்தேன். கம்பி கிறீச்சிடும் ஓசை கேட்டதும் எழுந்து சென்று, தண்டவாளத்தில் மேயும் ஆடுகளை விரட்டும். வண்டி கடந்தபின் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். தமிழில் 'வாடா' என்றாலும் வரும். கேங்மேன்கள் தெலுங்கில் 'ரா' என்றாலும் வரும். இருமொழிப் புலமையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது குறைந்ததில்லை. காலையில் தயிர்ச்சோறு, நண்பகலில் கேங்மேன்களின் சோள ரொட்டி என்று இரண்டு சமையலும் அதற்கு உடன்பாடே. “சங்கிலி போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் ஓடிவிடும்” என்று நிலையத்தில் யாரோ சொன்னபோது சித்தப்பா, “அதுவும் நானும் ஒரே டூட்டி பார்க்கிறோம். எனக்கு யார் சங்கிலி போட்டார்கள்?” என்றார்.

1991ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்கு ஒரு பெரிய சந்திப்பு நிலையத்திற்கு மாற்றலாயிற்று. அங்கே கிடைத்தது மூன்றாம் மாடியில் ஒரு குவார்ட்டர்ஸ். நாயைக் கேங்மேன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பாசஞ்சர் வண்டியில் ஏறினார். வண்டியோடு சரளைக்கற்களின் மீது ஓடிவந்த மணி, வெளிக் கைகாட்டி வரையில் வந்து நின்றுவிட்டதாம். அன்றிரவு எங்கள் வீட்டில் அவர் உணவைத் தொடவில்லை. “மணியை ஏன் விட்டுட்டு வந்தீங்க, சித்தப்பா?” என்று பதினொரு வயதில் நான் கேட்டேன். அவர் பதில் கூறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

நகரத்தில் ஒருவன் நாயை விட்டுச் சென்றால் அதற்குத் தெரு உண்டு, உணவுக்கடையின் பின்வாயில் உண்டு, இரக்கமுள்ள பாட்டியர் நால்வர் உண்டு. தனியிடத்தில் அவ்வாறன்று. அங்கே வளர்ப்பவன் ஒருவனே அவ்வுயிருக்கு ஊராகவும் உலகமாகவும் ஆகிவிடுகின்றான். அவன் அதனை வளர்ப்பதும் பெரும்பாலும் அதன் நன்மைக்காக அன்று, தன் தனிமைக்காகவே. தென்னாப்பிரிக்காவில் யூட்டன்ஹேக் என்னும் நிலையத்தில், விபத்தில் கால்கள் இரண்டையும் இழந்த ஜேம்ஸ் வைட் என்னும் சிக்னல்காரர் 1881இல் ஒரு பபூன் குரங்கை வாங்கினார். ஜாக் என்னும் அக்குரங்கு நாளடைவில் லீவர்களை இழுக்கவே கற்றுக்கொண்டு, 1890இல் இறக்கும்வரை அவரோடு வேலை செய்தது. உலகம் வியந்த செய்தி அது. எனக்கு வியப்பைக் காட்டிலும் நிம்மதியே தோன்றுகின்றது. பிரிய வேண்டிய இக்கட்டு அவருக்கு நேரவில்லை.

தனியிடத்து நாயின் பெருமையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கல்லில் பொறித்தனர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று அதன் பெயரும், அது கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றது என்றால் நம் முன்னோரின் நெஞ்சம் எத்தகையது! எனினும் அக்கல் நாயின் கடமையைக் கூறுகின்றதேயன்றி, நாயை வளர்த்தவனின் கடமையைக் கூறவில்லை. அவன் மாண்டுவிட்டான். உயிரோடு மாற்றல் பெற்றுப் போகின்றவனுக்கு வேறு நூலைத்தான் நாடவேண்டும்.

மகாபாரதத்தின் இறுதிப் பயணத்தைப் படிப்போர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. தருமனைப் பின்தொடர்ந்த நாய் அவன் வளர்த்ததன்று. தானாக வந்து சேர்ந்தது. தேரோடு வந்த இந்திரன் நாயை விட்டுவிடச் சொன்னபோது, அண்டி வந்ததைக் கைவிடேன் என்று அவன் மறுத்தான். தம்பியரையும் திரௌபதியையும் விட்டு வந்தவன் நாயை விட மறுப்பதேன் என்ற வினாவிற்கு, இறந்தோர்க்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை, உயிரோடிருக்கையில் அவர்களை நான் கைவிட்டதில்லை என்பது அவன் விடையின் கருத்து. தானாக வந்ததற்கே இத்துணைக் கடப்பாடு உண்டெனில், நாமே சோறிட்டுப் பெயரிட்டுப் பழக்கியதற்கு எவ்வளவு உண்டு? இதனைப் படித்தபோதெல்லாம் சித்தப்பா குற்றவாளியாகவே எனக்குத் தோன்றினார். ஆனால் தருமனுக்கு முன் நின்றது விண்ணுலகத் தேர். சித்தப்பாவிற்கு முன் நின்றது பாசஞ்சர் வண்டி. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இக்கேள்வியின் கொடிய முகத்தைத் தென்துருவப் பனியில் காண்கின்றோம். 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில், அண்டார்க்டிகாவின் ஷோவா தளத்திலிருந்த ஜப்பானியக் குழு, அடுத்த குழு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பதினைந்து நாய்களைச் சங்கிலியில் கட்டிவைத்துச் சில நாள் உணவோடு விட்டுப் புறப்பட்டது. கடற்பனியும் வானிலையும் இடமளிக்காமையால் அடுத்த குழு வரவே இல்லை. 1959 சனவரியில் மனிதர் மீண்டும் சென்றபோது ஏழு நாய்கள் கட்டிய இடத்திலேயே மாண்டு கிடந்தன. ஆறு காணப்படவில்லை. டாரோ, ஜிரோ என்னும் இரண்டு மட்டும் உயிரோடு நின்றன. ஜப்பானில் அவற்றுக்குச் சிலை எடுத்தனர், திரைப்படமும் எடுத்தனர். அந்த இரண்டின் புகழ் ஏழின் முடிவை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். அக்குழுவினர் கொடியவரல்லர், நாய்களிடம் அன்புடையவரே. திரும்பி வருவோம் என்று உறுதியாக நம்பியதனால்தான் கட்டிவைத்தனர். அன்பு இல்லாமையன்று அங்கே நேர்ந்த பிழை; தம் வரவின் மீது வைத்த அளவற்ற நம்பிக்கையே பிழை.

இனிச் சித்தப்பாவின் கதைக்கு மீள்கின்றேன். ஆறு திங்கள் கழித்து அவர் ஒருநாள் விடுப்பு எடுத்து, பொட்டலம் ஒன்றில் கறித்துண்டுகளோடு அப்பழைய கேபினுக்குச் சென்றார். நாய் எலும்பும் தோலுமாகக் கிடக்கும், தம்மைக் கண்டதும் ஓடிவந்து விழும், எப்பாடு பட்டேனும் அழைத்து வந்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. மணி கொழுகொழுவென்று இருந்தது. வந்து முகர்ந்தது; வாலை ஆட்டியது; கறியைத் தின்றது. அப்பால் கேங்மேன்கள் கருவிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு 'ரா' என்றதும் அவர்களோடு போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

வீட்டிற்கு வந்த சித்தப்பா, “நன்றி கெட்ட நாய்” என்றார். வேண்டா வெறுப்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மனம் நொந்து சொன்னார். சித்தி சிரித்துவிட்டாள். “ஆறு மாசமா சோறு போட்டது அவங்க. நன்றி யாருக்குங்க காட்டணும்?” என்றாள். சித்தி படித்தவளல்லள். பல நூல்களில் தேடிக் கிடைக்காத விடையின் பாதி அவ்வொரு சொல்லில் இருந்தது என்பதை நான் உணரப் பல்லாண்டுகள் ஆயின.

நாம் விட்டுவந்த உயிர் நம்மை எண்ணி வாடவேண்டும் என்று நம் உள்ளம் விரும்புகின்றது. அது வாடினால் நாம் அன்பு செய்தோம் என்பதற்குச் சான்று கிடைக்கின்றது. அது வாழ்ந்துவிட்டால் நமக்கு ஏமாற்றம்! இதனை அன்பென்று அழைப்பது எளிது. மணி பிழைத்ததற்குக் காரணம் சித்தப்பாவின் பாசமன்று. அவர் சங்கிலி போடாமையும், பிறர் ரொட்டியை அது தின்பதற்குத் தடை சொல்லாமையுமே. அவர் அறியாமலேயே அதற்கு ஒரு சுற்றத்தை உண்டாக்கியிருந்தார். அவர் ஒருவரே அதன் உலகமாக இருந்திருந்தால், கேங்மேன் தந்த ரொட்டியைத் தொடாமல் கேபின் படிக்கட்டிலேயே கிடந்து மடிந்திருக்கும். நாமும் அதன் நன்றியைப் பாராட்டிக் கண்ணீர் உகுத்திருப்போம்.

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்ததும், கபிலர், பரணர் முதலிய புலவர்கள் அவளிடம் திரும்புமாறு அவனை இரந்து பாடியதும் புறநானூற்றில்தான் உள்ளன. மேடைகளில் இதனைச் சொல்வோர் குறைவு. ஒரு கணத்தில் போர்வையைக் கழற்றித் தருவது அரிய செயலே, மறுக்கவில்லை. ஆயினும் மயிலுக்கு மறுநாள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அண்டியிருக்கும் உயிரோ நாளும் உண்ணும், நோயுறும், மூப்படையும். குட்டியைத் தூக்கி மடியில் வைப்பவர் அனைவரும் அக்கணத்தில் பேகன்களே.

சட்டமும் இதனை எண்ணிப் பார்த்திருக்கின்றது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் கைவிடுவதும், மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அச்சட்டத்தின்படி வதையேயாகும். முதற்குற்றத்திற்கு அது விதித்த அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. தொகையைப் பார்த்து நகைக்கலாம். ஆனால் கைவிடுதலையும் சங்கிலியையும் ஒரே பிரிவில் வைத்த அறிவை நகைக்க இயலாது.

லீவர் கேபின்கள் பலவும் மறைந்துவிட்டன. நிலைய அதிபரின் அறையிலுள்ள பொத்தான்களே கைகாட்டிகளின் வேலையைச் செய்கின்றன. ஆனால் தனியிடத்து நாய் மறையவில்லை. ஐதராபாத்தைச் சுற்றிலும் பண்ணை வீடு என்னும் பெயரில் வேலியிட்ட நிலங்கள் பெருகியுள்ளன. ஞாயிறுதோறும் காரில் சென்று திரும்பும் குடும்பம், காவலுக்கென்று உயர்சாதி நாயொன்றை அங்கே கட்டிவைக்கின்றது. மற்ற ஆறு நாளும் அதற்கு ஒரு கிண்ணமும் ஒரு வேலியும், மாதத்திற்கு ஒருவராய் மாறும் காவலாளியும். கேபின்மேன் நாயோடு தாமும் தனித்திருந்தார். இவர்களோ தம் தனிமையை நாயின் கழுத்தில் கட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். இரண்டும் ஒன்றாகா.

அரசு எழுத்தனாகிய எனக்கும் மாற்றல் உண்டு. சென்ற மாதம் என் மகள், பணிமனை மதிலோரம் கிடந்த ஒரு குட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை. ஆணை எப்போது வருமென்று அறியாமல் ஏற்கவும் முடியவில்லை. கீழ்வீட்டில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர் ஒருவர் இருக்கின்றார். சொந்த வீடு, இனி அவர் எங்கும் போகப்போவதில்லை. அவரிடமும் அவர் மனைவியிடமும் போய்ப் பேசினேன். குட்டி இப்போது இரு வீட்டிற்கும் பொதுவான மாடிப்படியின்கீழ் படுத்திருக்கின்றது. காலையில் எங்கள் வீட்டு இட்லி. மாலையில் அவர்கள் வீட்டுச் சோறு. அந்த அம்மையார் இட்ட பெயர் ஒன்று, என் மகள் இட்ட பெயர் ஒன்று. எதற்கு அது முதலில் திரும்புகின்றது என்று என் மகள் நாள்தோறும் கவனித்து வருகின்றாள்; நேற்று அவர்கள் இட்ட பெயருக்குத் திரும்பியதாம், அழுதுகொண்டே வந்து சொன்னாள்.