கண்ணை இழந்தவர் கேட்ட கணக்கு

பட்டால்தான் புத்தி வரும் என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வியாபாரத்தில் அடிபட்டும் மறுபடி அதே ஆளிடம் வட்டிக்கு வாங்கியவர், குடியால் குடும்பம் சிதறியும் குடியை விடாதவர், மூத்த பிள்ளையை வாயாலேயே விரட்டிவிட்டு இளைய பிள்ளையிடமும் அதே வாயோடு நிற்பவர் என்று பத்துப் பேரையாவது நம் எல்லோருக்கும் தெரியும். துன்பம் மட்டுமே மனிதனைத் திருத்திவிடும் என்றால் தெருவுக்கு நாலு ஞானிகள் இருக்க வேண்டுமே! ஆகவே பட்ட அடிக்கும் வருகிற புத்திக்கும் நடுவே இன்னொரு வேலை நடந்தாக வேண்டும். பட்டதை, அதில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து, தன் பெயரைப் போட்டு, நாலு பேர் கேட்கும்படி சொல்லில் வைப்பதுதான் அந்த வேலை என்பது என் கட்சி. இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கும் சோழவரத்தைச் சுற்றியே இருக்கிறது.

நம் ஒன்றியத்திலேயே இருக்கும் ஞாயிறு, சங்கிலியார் பிறந்த ஊர். சூரியத் தலம் என்று புஷ்பரதேசுவரர் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. ஞாயிறு கிழவரின் மகளான அவர், திருமணப் பேச்சை ஒதுக்கிவிட்டு, திருவொற்றியூரில் சுவாமிக்குப் பூத்தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த சுந்தரர் அவரைக் கண்டு, மணமுடித்துத் தரும்படி இறைவனிடமே கேட்டார். திருவாரூரில் அவருக்கு ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார். அதனால் உன்னைவிட்டுப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இங்கேதான் சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்தார். சத்தியம் சன்னிதியில் நடக்கும், அந்த நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சுவாமியிடம் கேட்டுக்கொண்டார். சுவாமி இல்லாத சன்னிதியில் செய்த சத்தியம் கட்டாது என்பது அவர் போட்ட கணக்கு. சுவாமியோ சங்கிலியாரின் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். வேறு வழியின்றி மகிழடியில் சத்தியம் செய்தார் சுந்தரர். வசந்த காலம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. மாசித் திருவிழாவில் ஒற்றியூரில் நடக்கும் மகிழடி சேவை இந்தக் கதையைத்தான் ஆண்டுதோறும் நமக்குக் காட்டுகிறது.

புராணத்தை இதோடு நிறுத்திவிட்டு, கண் போனவர் அப்போது என்ன பாடினார் என்று பார்ப்போம். ஏழாம் திருமுறையில் 54ஆம் பதிகம் ஒற்றியூர்ப் பதிகம். தொடக்கத்திலேயே, அழுக்கு உடம்போடுதான் உன்னிடம் வந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சில் வழக்கு ஆரம்பமாகிவிடுகிறது. புழுக்கை கிடந்தால் அதை வாரி எறிந்துவிட்டுப் பாலை எடுத்துக்கொள்வதில்லையா, நான் தப்பு செய்தாலும் உன் திருவடிக்குத் தப்பவில்லையே என்கிறார். இன்னொரு பாட்டில், மூன்று கண் வைத்திருக்கும் நீ என் கண்ணைப் பறிப்பதுதான் உன் கணக்கு வழக்கு என்றால், ஊன்றி நடக்க ஒரு கோலாவது கொடு என்று கேட்கிறார். அவமானத்தின் உச்சம் மற்றொரு பாட்டில் வருகிறது. வீட்டிலுள்ள பெண்களிடம் ஏதாவது பேசப் போனால், கூப்பிடாதே, போடா குருடா என்பார்களே, அதை எப்படித் தாங்குவேன் என்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண் போனதைப் பாடும் யாரும் இருளைப் பாடலாம், ஊழைப் பாடலாம். இவர் வீட்டுக்குள் கேட்கப்போகும் ஏச்சை, அதன் ஒருமையோடும் கடுமையோடும் எடுத்து, சிவன் சன்னிதிப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். தன்னைப் பெரியவராகக் காட்டிக்கொள்ள நினைப்பவர் எழுதக்கூடிய வரி அல்ல அது.

ஒற்றியூரிலிருந்து வட திருமுல்லைவாயிலுக்குப் போனார். ஆவடி பக்கத்தில் இருக்கும் அதே முல்லைவாயில்தான். அங்கே பாடிய பதிகத்தில், சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று அவர் பெயரைச் சொல்லியே பாடுகிறார். யாரோ ஒரு பெண் என்று மழுப்பவில்லை. அடுத்து திருவெண்பாக்கம், நம் மாவட்டத்துப் பூண்டி. கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டிய சத்தியமூர்த்தி சாகர் 1944இல் முடிந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. ஊன்றீசுவரர் இப்போது வேறிடத்தில் கட்டிய கோயிலில் இருக்கிறார். பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கும் புழலுக்கும் வருகிறது. நம் ஏரிக்கு நீர் தரும் ஊரில் பிறந்ததுதான் 89ஆம் பதிகம். பிழையைப் பொறுத்துக்கொள்வாய் என்ற நம்பிக்கையில்தான் தவறு செய்தேன், அதனால் வரும் பழியை எண்ணாமல் கண்ணை மறைத்துவிட்டாயே என்று தொடங்குகிறார். பிறகு, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், போய்க்கொள் என்று பதில் வருகிறது. பாட்டுக்குப் பாட்டு இறைவனை இவர் வெவ்வேறு விதமாகப் புகழ்கிறார். பதில் மட்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே திரும்பி வருகிறது. இறைவன் அந்த ஊரில் ஓர் ஊன்றுகோல்தான் கொடுத்தார், கண்ணைக் கொடுக்கவில்லை. பாட்டில் கிடைத்ததோ வெட்டிவிட்ட ஒரு பதில். அந்தப் பதிலையே தன் பாட்டின் பல்லவிபோல வைத்துக்கொண்டு பதிகத்தை முடித்தாரே, அங்கேதான் இவருடைய கலையும் திருத்தமும் ஒன்றாகச் சேர்கின்றன. தனக்குச் சாதகமில்லாத விடையை மறைக்கவும் இல்லை, இனிப்பாக மாற்றவும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். சுந்தரருக்குச் சில நூற்றாண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் எழுதிய கதைதானே இது, இதை வைத்து ஒரு மனிதரின் மனம் திருந்திய விதத்தை எப்படிப் பேசலாம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மகிழ மரத்துச் சூழ்ச்சிக்கு விரிவான சான்று பெரியபுராணம்தான். ஆனால் கண் போனது, அதற்குச் சங்கிலி காரணம் என்பது, கோல் கேட்டது, போ என்று பதில் வந்தது எல்லாம் சுந்தரரின் சொந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. என் வாதம் நிற்பது அந்தப் பாட்டுகளின் மேல்தான். இன்னொரு தடை இதைவிடப் பெரியது. கயிலையில் பூக்கொய்த கமலினியும் அநிந்திதையும்தான் பரவையாராகவும் சங்கிலியாராகவும் பிறந்தார்கள், எல்லாம் முன்பே வகுத்த திருவிளையாடல், இதில் பிழை ஏது, திருத்தம் ஏது என்பார்கள். அப்படிச் சொன்ன சேக்கிழாரே, அந்தத் திருவிளையாடலைக் காட்டிச் சுந்தரரின் சூழ்ச்சியை மூடி மறைக்கவில்லை. சோழன் அவையில் அமைச்சராக இருந்தவர், சைவம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆசாரியர் பொய்ச் சத்தியத்துக்கு வழி தேடினார் என்பதை ஒளிக்காமல் எழுதினார். ஊழ் என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவ நமக்கிருக்கும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் என் கட்சிக்கு எதிராக நிற்கும் பலமான சாட்சி சுந்தரரே. திருவாலங்காடு வழியாகக் காஞ்சி போய், ஏகம்பத்தில் இடக் கண் பெற்றார். பிறகு ஆரூர் வந்து பாடிய 95ஆம் பதிகத்தில் என்ன சொல்கிறார்? நான் விரும்பி வந்து ஆட்பட்டவன், குற்றம் ஒன்றும் செய்யவில்லை, என்னைக் குருடாக்கிப் பழியை நீரே தேடிக்கொண்டீர், மற்ற கண்ணையும் தரமாட்டீர் என்றால் நல்லா இருந்துவிட்டுப் போம் என்று பொரிகிறார். வெண்பாக்கத்தில் பிழை என்றவர் ஆரூரில் குற்றமே இல்லை என்கிறார். இதற்குப் பக்திச் சமாதானம் சொல்வோர் உண்டு. தம்பிரான் தோழர் அல்லவா, நண்பனிடம் உரிமையோடு பேசுகிறார் என்பார்கள். அந்த விளக்கம் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் போதாது. இரண்டு கண்ணும் இருண்டிருந்தபோது தன் பிழை அவருக்குத் தெரிந்தது. ஒரு கண் திரும்பியதும் எதிராளியின் பிழை பளிச்சென்று தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எடுத்த தீர்மானம் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாதா? திருந்துவது மேலே மேலே ஏறும் ஒரே பாதை என்று சொல்லும் புத்தகங்கள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தேவாரம் அப்படிச் சொல்லவில்லை. ஏறியதையும் அது வைத்திருக்கிறது, சறுக்கியதையும் வைத்திருக்கிறது. பிற்காலத்தார் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு அவரை ஒரே சீரான மகானாக்கியிருந்தால் நமக்கு அவரால் பெரிய பயன் இருந்திருக்காது. பாட்டாகச் சொல்லி வைத்ததால் வந்த நன்மை இதுதான். வெண்பாக்கத்தில் சொன்னதை ஆரூரில் மறுக்கலாம், சொல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டாலும் ஞாயிறு ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இந்தப் பதிகங்களால் என்ன ஆயிற்று என்று கேட்டால், அவருக்கு நேரான பதில் சொல்வது கடினம். சுந்தரருக்குக் கண் கிடைத்தது, பதிகம் கிடைத்தது, புகழ் கிடைத்தது. சங்கிலியார் பாடியதாக ஒரு பதிகமும் நம்மிடம் இல்லை. விட்டுவிட்டுப் போனவரின் தவிப்பு பாட்டுப் பாட்டாக இருக்கிறது, விடப்பட்டவரின் தவிப்பு எங்கே? தன் குற்றத்தை அழகாகச் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லியதோடு கடன் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. எழுதுகிறவர்களிடம் இது கொஞ்சம் அதிகம். சொல்வது திருந்துவதற்கு முதல் வேலை, அதுவே ஈடு ஆகாது என்ற எல்லையோடுதான் என் கட்சியை வைக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். சுந்தரர் தன் பாட்டுகளில் சங்கிலியார் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், யாரால் கண் போனது என்று கேட்க நமக்கு இன்று சுந்தரரின் வாய்ச்சொல்லே இருந்திருக்காது. சுந்தரர் மேல் வழக்குத் தொடுக்கவே சுந்தரர் பாட்டுத்தான் கையில் இருக்கிறது.

நாங்கள் என்ன கவிஞர்களா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வருகிறவனுக்குப் பதிகமா வரும் என்று சிலர் கேட்பீர்கள். பதிகத்தின் அமைப்பைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. ஒரே பொருளைப் பத்துத் தடவை திரும்பச் சொல்லியாக வேண்டும். முதல் பாட்டில் கோபத்தை எல்லாம் கொட்டிவிட்டாலும் இன்னும் ஒன்பது பாட்டு பாக்கி இருக்கிறது. மூன்றாவதிலோ நான்காவதிலோ சாக்குகள் தீர்ந்துபோகும். அதன் பிறகு உண்மையைத் தவிர சொல்ல வேறு சரக்கு இராது. போடா குருடா என்னும் அந்த ஏச்சு ஒற்றியூர்ப் பதிகத்தின் முதல் பாட்டில் வரவில்லை, முடிவை நெருங்கும்போதுதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கடைசிப் பாட்டில் பெரும்பாலும் ஆரூரன், ஊரன் என்று பாடியவர் தன் பெயரையும் வைத்துவிட வேண்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது போன்றது அது, இதில் உள்ளதெல்லாம் என்னைச் சேரும் என்று பொருள். இதற்குப் பண்ணும் யாப்பும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள் போதும். அவன் இப்படிச் செய்தான், மேனேஜர் இப்படிப் பேசினார் என்று முதல் நாள் வரட்டும், வந்தே தீரும். அதே விஷயத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுதிப் பாருங்கள். நான் என்ன சொன்னேன், எதை மறைத்தேன் என்ற வரி ஒருநாள் வந்து நிற்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயர் சொல்லாமல் யாரையோ குத்தி நாலு வரி போடுகிறோமே, அதில் இந்த வேலை நடக்காது. அங்கே எதிராளியின் பெயரும் இல்லை, நம் பங்கும் இல்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏழாம் திருமுறை பண் முறையில் தொகுத்தது, அதனால் இந்தப் பதிகங்கள் புத்தகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். வரிசையாகப் புரட்டினால் 52ஆவதாக ஆலங்காடும், 54ஆவதாக ஒற்றியூரும், 61ஆவதாகக் கச்சி ஏகம்பமும், 69ஆவதாக முல்லைவாயிலும், 89ஆவதாக வெண்பாக்கமும் வரும். அவர் நடந்த வரிசை அது அல்ல. ஒற்றியூரில் தொடங்கி முல்லைவாயில், வெண்பாக்கம், ஆலங்காடு, ஏகம்பம் என்று அவர் போன வழியே போய், 95இல் ஆரூர்ப் பதிகத்தைக் கடைசியாக வையுங்கள். முதல் நான்கு ஊரும் நமக்கு பஸ் போகும் தூரம்தான். மாசியில் மகிழடி சேவைக்குப் போகிறவர்கள் ஒற்றியூர்ப் பதிகத்தை அங்கேயே படித்துவிடலாம். போகிற வழியில் ஞாயிறு கோயிலிலும் இறங்கி, சங்கிலியார் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.