கொடுக்கும் இதயத்தின் ஓய்வு

சில ஆண்டுகளுக்கு முன், பீடி சுற்றிப் பிள்ளைகள் நால்வரைக் கரையேற்றிய தாய் ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்கச் சென்றிருந்தேன். மார்பு வலியைப் பல மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தார். ஏன் என்று வினவியபோது, “எனக்குன்னு படுத்துக் கெடந்தா பாவம் இல்லியா, சாமி?” என்றார். அதற்கு அன்று நான் விடை சொல்லவில்லை. விடையைப் பின்னர் இதயமே கற்பித்தது.

இதயத்தின் மேலறைகள் இரத்தத்தைப் பெற்றுக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. வலது கீழறை அதை நுரையீரலுக்கும், இடது கீழறை உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. சென்ற இரத்தம் திரும்பாதபடி வால்வுகள் காக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையினின்று ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தம் பெருந்தமனிக்குள் பாய்கிறது.

ஆனால், அறைகளுக்குள் நிறையும் அந்த இரத்தத்தால் இதயத்தின் தடித்த தசை பசியாறுவதில்லை. வெளியே கொடுத்த இரத்தத்திலிருந்தே, பெருந்தமனியின் அடியில் பிரியும் கிளைகளின் வழியே தன் பங்கை அது பெறுகிறது. அதுவும் சுருங்கும் வேளையில் அன்று. சுருங்கும் தசை தன் குழாய்களைத் தானே நெரிப்பதால், இடது கீழறை பெரும்பாலும் தளர்ந்திருக்கும்போதே ஊட்டம் பெறுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு எனில், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 வினாடி. அதில் கீழறைகள் உழைப்பது 0.3, ஓய்வது 0.5. துடிப்பு விரைந்தால் மிகுதியாகக் குறைவது ஓய்வே.

பாபநாசம் அணை 143 அடி வரை நீரைத் தேக்குவதை எவரும் கஞ்சத்தனம் என்று பழிப்பதில்லை. தேங்கிய நீரே எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, திருவைகுண்டம் வரை பிசான நெல்லைக் காக்கிறது.

அப்படியானால் தன்னலக்காரரும் ஓய்வின் பெயரால் ஒதுங்கலாமே என்பீர்கள். இயலாது. கொடுத்ததிலிருந்தே இதயம் பெறுவதால், கொடாத இதயத்திற்கும் ஊட்டமில்லை. கொடுத்தலும் பெறுதலும் ஒரே துடிப்பின் இரு பாதிகள். ஏழாம் நாள் ஓய்வும் நமக்குச் சலுகையாக அன்று, கட்டளையாகவே தரப்பட்டது. வேலையாள்களும் கால்நடைகளும்கூட அதற்கு விலக்கல்லர்.

பத்து நாள்களில் அந்தத் தாயின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றினேன். ‘ஓய்வறியாத் தாய்’ என்று எத்தனையோ பேரை மறையுரையில் புகழ்ந்தவன் நான். அன்று அச்சொல் நாவில் எழவில்லை. அப்புகழ்ச்சியும் அவரது வலியை மறைக்கத் துணை நின்றதோ என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

தம்மைத் தேய்த்துக்கொள்பவரைப் போற்றுவது எளிது. அவருக்குரிய அரை வினாடியை நாம் பறிக்காதிருப்பதே கடினமான அன்பு. இன்றிரவு நம் வீட்டில் கடைசியாக உண்ண அமர்பவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சியிருக்கிறது?