அறிந்தவள் காண விழைந்த கூத்து

எல்லாம் அறிந்த பரம்பொருளுக்குக் காண்பதற்கென்று ஏதேனும் எஞ்சியிருக்குமா என்பது தர்க்க நூல்களைப் பயின்ற பண்டிதர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. பாலக்காட்டுச் சீமையின் பகவதி கோயில்களில், தோற்பாவைக்கூத்து என்னும் வடிவிலே, அந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாக ஆண்டுதோறும் எழுப்பப்பட்டு வருகிறது. தாருகாசுரனோடு போர் புரியச் சென்றிருந்த பத்திரகாளி, அதே சமயத்தில் நிகழ்ந்த இராம ராவண யுத்தத்தைக் காணும் பாக்கியம் தனக்கு வாய்க்காமற் போயிற்றே என்று குறைப்பட்டுக்கொண்டாள் என்றும், அவளது அக்குறையைத் தீர்க்கவே இந்தக் கூத்து ஏற்பட்டது என்றும் அவ்வூர்களின் ஐதிகம் கூறும். யுத்தத்தின் முடிவை அவள் அறியாதவளல்லள். அறிந்திருந்தும் காண ஆசைப்பட்டாள்.

சன்னிதிக்கு எதிரே கூத்துமாடம் என்றொரு நீண்ட கட்டடம். அதிலே 42 அடி நீளத் திரை கட்டி, அதன் பின்னே 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து, கோயிலிலிருந்து எடுத்து வந்த தீபத்தால் திரிகளை ஏற்றுகிறார்கள். தோலில் வெட்டிய பாவைகளின் நுண்ணிய துளைகளின் வழியே ஒளி கசிந்து திரையில் ஆபரணங்களாகவும் வில்லாகவும் அம்பறாத்தூணியாகவும் விரிகிறது. போர்க்களக் காட்சியிலே ஒருவர் ஒரு கை குங்கிலியப் பொடியை விளக்கின்மீது வீச, குப்பென்று எழும் சுடரில் இலங்கையே ஒரு கணம் பற்றி எரிகிறது. அங்கே பாடப்படுவன நம்முடைய கம்பன் பாடல்கள் என்பதையும், அவற்றைப் பாடி உரை விரிப்பவருக்குப் புலவர் என்றே பெயர் என்பதையும் தமிழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லப் புகுந்து, அங்கிருந்து இலக்கணத்துக்கும் சோதிடத்துக்கும் வைத்தியத்துக்கும் தாவி, ஒரு பாவை ஆட்சேபிக்க மற்றொரு பாவை சமாதானம் கூறுவதாக மூன்றாம் ஜாமம் வரையில் வாதம் நீண்டுகொண்டே போகும். அந்த வேளையில் எதிரேயுள்ள மைதானத்தில் மனிதர் ஒருவரும் இல்லாமலிருப்பதும் உண்டு. அதற்காகப் புலவர் ஒரு பாடலையும் சுருக்குவதில்லை, பகவதி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஏன் பார்க்க வேண்டும்? செய்த கிரியை தன் பலனைத் தானே தரும், தேவதை அதைக் கண்டு மகிழ்ந்தாக வேண்டும் என்ற நியதி இல்லை என்று மீமாம்சகர் எளிதில் ஒதுக்கிவிடுவர். சைவ சித்தாந்தமோ இவ்விடத்தில் ஆழ்ந்து பேசுகிறது. சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்திற்கு உரை கண்டோர், கண்ணுக்குப் பொருளைக் காட்டுகிற உயிர், காட்டுவதோடு நில்லாமல் கண்ணோடு கூடித் தானும் காண்பது போல, இறைவனும் உயிருக்குக் காட்டுவதோடு அமையாமல் அதனோடு உடனின்று காண்கிறான் என்று, காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாகப் பிரித்து விளக்குவர். காண்பது என்பது அறியாத செய்தியொன்றைத் தெரிந்துகொள்வதன்று, காணப்படுவதோடும் காண்பவனோடும் உடனிருத்தலே என்று கொண்டால், பத்திரகாளியின் ஏக்கம் முற்றறிவுக்கு இழுக்காகாது. அறிவு தூரத்திலிருந்தும் கைகூடும். காட்சிக்குச் சாந்நித்தியம் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஆண்டின் இறுதியில் நடைபெறும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, தன் இலச்சினையாக இந்தத் தோற்பாவைகளுள் ஒன்றான இலங்கைமாதேவியைக் கொண்டிருப்பதைப் பலர் அலங்காரமாகவே கருதக்கூடும். எனக்கு அது ஒரு வம்சாவளியின் ஒப்புதலாகவே தோன்றுகிறது. இருளில் அமர்ந்து, பின்னேயோ முன்னேயோ எரியும் ஒரு விளக்கின் தயவால், தான் அறிந்த உலகத்தையே திரையில் மறுபடியும் காண விழையும் மனிதன், அந்தக் கோயில் முற்றத்திலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

அரவிந்தன் 1978-இல் எடுத்த 'தம்பு' என்ற மலையாளப் படத்தை நினைக்கிறேன். பாரதப்புழையின் கரையிலுள்ள திருநாவாயாவில் ஒரு சர்க்கஸ் கூடாரம் அடிக்கிறார்கள். சர்க்கஸையே கண்டிராத அவ்வூர் மக்கள் வந்து அமர்கிறார்கள். வித்தையில் லயித்துக் காமிராவை மறந்துபோன அவர்களது முகங்களை அரவிந்தன் ஒவ்வொன்றாக நமக்குக் காட்டுகிறார். வாய் பிளந்த கிழவர், சிரிப்பை அடக்கத் தெரியாத பெண், அச்சமும் ஆனந்தமும் ஒன்றாய்க் கலந்த குழந்தை. வித்தையைக் காட்டிலும் காண்பவரே காணத்தக்கவர் என்று அந்தக் கலைஞர் கண்டுகொண்டது, பக்தியைப் பற்றி எழுதப்பட்ட பல வியாக்கியானங்களுக்கு ஈடானது என்பேன். அப்படம் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் பிரான்சு தேசத்தின் கான் விழாவிலே திரையிடப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அங்கே அமர்ந்திருந்த ரசிகருக்கு அது அறியாத நாடொன்றைப் பற்றிய அழகிய அறிவு. அந்தப் புழையில் அன்றாடம் குளிப்பவருக்கோ, தாம் அறிந்ததும் இதுவரை உடனின்று காணாததுமான ஒன்றின் தரிசனம்.

வட்டாரத் திரைப்பட விழாக்களும் சிறு திரையிடல்களும் எதன்பொருட்டு என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறதென்று நம்புகிறேன். மண்ணின் பண்பாட்டைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, தெய்வ வேடம் பூண்டு ஆடும் தெய்யத்தின் செந்நிற முடியையும் தீவட்டியையும் மட்டும் வெட்டியெடுத்து, அயலார் வியக்கும்படி ஒட்டி அனுப்பும் படங்கள் பல வருகின்றன. அவற்றிலே தெய்யம் கட்டுகிறவனுடைய விரதமில்லை, அவன் குலத்தின் நெடிய துயரமில்லை, கையில் அரிசியோடு அவன்முன் குறை சொல்ல நிற்கிற கிழவி இல்லை. அறியாதவனை வியக்க வைப்பது எளிது. அறிந்தவன் முன்னே நிற்பதுதான் அரிது. மூன்றாம் ஜாமத்திலும் பாடலைச் சுருக்காத புலவரின் நேர்மை, தம்மைப் பார்ப்பவள் கதை முழுவதையும் அறிந்தவள் என்ற நினைவிலிருந்து பிறக்கிறது.

ரசம் சகிருதயனிடத்தில், அதாவது உள்ளம் ஒன்றிச் சுவைப்பவனிடத்தில், நிகழ்வது என்று அபிநவகுப்தர் கூறியிருக்க, காண ஆளில்லாத கூத்தைப் புகழ்வது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். திரைப்படத்தைப் பொறுத்தவரை அதற்கு நான் முற்றும் உடன்படுகிறேன்: பாவையை ஆட்டும் கையும் பாடும் குரலும் ஒவ்வோர் இரவும் புதிதாய் வந்து தெய்வத்தின் முன் நிற்கின்றன, படச்சுருளோ ஒருமுறை முடிந்த செயல், அதனைக் காண்பவரிடம் எடுத்துச் செல்லும் கடமை உயிருள்ளவர்களையே சாரும். 'அக்கிரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தின் மூலம் நமக்கும் உரியவரான மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கி, 16 எம்.எம். புரொஜெக்டரோடு கிராமம் கிராமமாகச் சென்று படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்திலேயே 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். அவர் நாத்திகராயினும் ஆகுக. காண்பவரிடம் கொண்டுசெல்வதைப் படைப்பின் ஓர் அங்கமாகவே கொண்ட அந்தச் செயலில் நான் ஓர் உபாசனையைக் காண்கிறேன்.

ஆகவே விழா நடத்தும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டதோ, அந்த ஊரிலே, பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் முற்றத்திலோ, பரிசுக்கும் பத்திரிகைக்கும் முன்னதாக அதைத் திரையிடுங்கள். எங்கள் குளம் இப்படி இராது, எங்கள் பாட்டி இப்படி அழமாட்டாள் என்று அவ்வூரார் வாதாடுவார்கள். படத்தை எடுத்தவர் விடியும்வரை உட்கார்ந்து, ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் சமாதானம் சொல்லட்டும்.