பார்ப்பதும் எடுப்பதுதான்

ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் பல வருடங்களாகக் கனடாவில் வாழ்கிறார். சென்ற கோடையில் அவரும் துணைவியாரும் அலாஸ்காவைச் சுற்றிப் பார்த்து வந்தார்கள். இத்தகைய பயணங்களில் பாதி தரையிலும் பாதி கடலிலும் கழியும். பெயர்பாங்ஸ் நகரிலிருந்து கண்ணாடிக் கூரை போட்ட புகையிரதத்தில் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போவார்கள். பின்னர் தெற்கே விட்டியர் என்ற சிறு துறைமுகத்தில் கப்பலேறி, கிளேசியர் பே எனப்படும் பனியாற்று விரிகுடாவைப் பார்த்து, ஸ்கெக்வே, ஜூனோ, கெச்சிக்கன் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு வன்கூவரில் இறங்குவார்கள்.

தொலைபேசியில் நண்பர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். நீலநிறப் பனிச்சுவர் இடியோசையுடன் கடலில் சரிந்தது, திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டியது, நள்ளிரவு நெருங்கியும் சூரியன் மறையாததால் மஃரிப் தொழுகைக்காகக் காத்திருந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக இப்படி முடித்தார்: “ஒண்டையும் தொடல்ல மச்சான். பாத்தம், வந்தம். அவ்வளவுதான்.”

அந்த வசனம் என் மனதில் தங்கிவிட்டது. அதில் நியாயமான ஒரு பெருமிதம் இருந்தது. நான் ஒன்றும் கேட்காமலே சொன்ன ஒரு சமாதானமும் அதில் இருந்தது. வெறுமனே பார்ப்பவர் எதையும் எடுப்பதில்லையா? இந்தக் கேள்வியைத்தான் இங்கு எழுப்ப விரும்புகிறேன். வாய்ப்பு வந்தால் நானும் அந்தக் கப்பலில் ஏறுவேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏற முடியாதவன் ஏறியவரைக் குறைசொல்வது எளிது. இந்தக் கட்டுரை அதுவாகிவிடக் கூடாது.

அலாஸ்காவின் வரலாறு பெரும்பாலும் எடுத்தவர்களின் வரலாறு. கடல்நீர்நாயின் மென்மயிருக்காக ரஷ்யர்கள் வந்தார்கள். 1867இல் அமெரிக்கா 72 இலட்சம் டொலருக்கு அந்நிலப்பரப்பை அவர்களிடமிருந்து வாங்கியது. காலங்காலமாக அங்கு வாழ்ந்தவர்களை விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. 1896இல் எல்லைக்கு அப்பால் கனடாவின் குளொண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்ததும், ஸ்கெக்வே வழியாக மலையேறிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதற்குப் பின் எண்ணெய் வந்தது. 1989 மார்ச் 24ஆம் திகதி எக்ஸொன் வல்டீஸ் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெயைக் கடலில் கொட்டியது, விட்டியர் துறைமுகம் அமைந்திருக்கும் அதே பிரின்ஸ் வில்லியம் கடற்பகுதியில்தான். இவர்களோடு ஒப்பிட்டால் கமெராவுடன் வரும் உல்லாசப் பயணி எவ்வளவோ மேல். அவர் கொண்டுபோவது சில படங்களை மட்டுமே என்று தோன்றும்.

மேலும், பார்ப்பதை நம் மார்க்கம் சாதாரண காரியமாகக் கருதவில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறு அல்குர்ஆன் அழைக்கிறது. ஊரை விட்டு அசையாமல் இருப்பதை நாம் தக்வாவுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. மலையும் பனியும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றால், அவற்றைக் காண ஆசைப்படுவதும் நல்ல ஆசைதான். டெனாலி சிகரம் 6,190 மீற்றர் உயரமானது. வட அமெரிக்காவிலேயே அதுதான் மிக உயர்ந்தது. ஆயினும் கோடையில் அங்கு போகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அதைக் காண்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு மேகம் மறைத்துவிடுகிறது. எவ்வளவு பணம் கட்டினாலும் மேகத்தை விலக்க எந்தக் கம்பனியாலும் முடியாது. அந்த ஏமாற்றத்தோடு திரும்புகிறவர் மனிதனின் எல்லையை ஒரு நாளிலாவது உணர்ந்திருப்பார். அதுவும் ஒரு படிப்பினைதான்.

ஆனால் பார்க்கச் சொன்ன கட்டளையில் படிப்பினை பெறுவதும் சேர்ந்தே இருக்கிறது. பார்க்கப்படும் இடம் யாருடையது, நான் வந்ததால் அங்கு என்ன நடக்கிறது என்று கேட்காத பார்வையை முழுமையான பார்வை என்று சொல்ல முடியுமா?

பயண விளம்பரங்களில் அலாஸ்கா “மனிதர் தொடாத வனாந்தரம்” என்றே வர்ணிக்கப்படுகிறது. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டமும், மனிதன் வந்து போகிறவனாக மட்டும் இருக்கும் நிலத்தையே வனாந்தரம் என்று வரையறுக்கிறது. பனியாற்று விரிகுடாவின் கதையோ வேறு. இப்போது கப்பல்கள் செல்லும் அந்த இடம் ஹூனா திலிங்கிட் மக்களின் தாயகம். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய குடியிருப்புகளை அழித்தது. அவர்கள் நீரிணைக்கு அப்பால் சென்று இன்றைய ஹூனா கிராமத்தில் குடியேறினார்கள். அந்த இடப்பெயர்வை அவர்களின் வாய்மொழிக் கதைகள் இன்றும் நினைவு வைத்திருக்கின்றன. 1794இல் வன்கூவரின் கடற்படைக் குழுவினர் வந்தபோது விரிகுடாவின் வாயிலருகே பனிச்சுவரே நின்றது. அதன் பின் பனி நூறு கிலோமீற்றருக்கும் மேல் பின்வாங்கியது. விலகிய பனிக்குப் பின்னால் அந்த மக்கள் மீண்டும் மீன் பிடிக்கவும் முட்டை சேகரிக்கவும் போனார்கள். ஆனால் 1925இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1980இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. இயற்கையைக் காக்க வந்த சட்டம் அவர்களை அவர்களுடைய வீட்டிலேயே அந்நியராக்கியது.

முட்டை விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கோடைத் தொடக்கத்தில் கடற்காகத்தின் முட்டைகளைச் சேகரிப்பது அவர்களது வழக்கம். உணவு என்பதோடு குடும்பம் முழுதும் கூடிப் போகும் ஒரு வைபவமும் அது. அதற்கொரு முறை இருந்தது. ஒன்றோ இரண்டோ முட்டை உள்ள கூட்டிலிருந்து எடுப்பார்கள். பறவை மீண்டும் இடும். மூன்று முட்டை இருந்தால் பறவை அடைகாக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்து கைவைக்காமல் போய்விடுவார்கள். 1960களில் இது தடுக்கப்பட்டது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து பார்த்துப் போன அதே விரிகுடாவில், ஒரு பாட்டி தன் பேரனுக்கு முட்டை எடுத்துக் கொடுப்பது குற்றமாக இருந்தது. 2014இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அதை மீண்டும் அனுமதிக்கச் சட்டம் இயற்றியது. 2016இல் பூங்காவுக்குள் அவர்களுக்கென ஒரு குல இல்லமும் திறக்கப்பட்டது.

இதை வாசித்தபோதுதான் நண்பரின் வசனம் எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. எடுத்தவர்கள் என்று தடுக்கப்பட்டவர்கள் கூட்டை எண்ணிப் பார்த்து எடுத்தார்கள். எதையும் எடுக்காதவர்களாக வரவேற்கப்பட்ட நாம் எதை எண்ணிப் பார்க்கிறோம்?

எண்ண வேண்டியவை இருக்கின்றன. ஜூனோ நகரின் சனத்தொகை ஏறத்தாழ 32,000. அந்நகருக்கு வெளியிலிருந்து தரைவழிப் பாதை கிடையாது. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் மாத்திரம் அங்கு கப்பலில் வந்தவர்கள் 16 இலட்சத்துக்கும் அதிகம். அத்தனை பேரையும் சுமந்து வரும் கப்பல்கள் எண்ணெய் எரிக்கின்றன, கழிவுநீர் உண்டாக்குகின்றன. 1999இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம், அலாஸ்காவின் உள்கடல் உட்படப் பல இடங்களில் கழிவுகளைக் கொட்டியதை ஒப்புக்கொண்டு 18 மில்லியன் டொலர் தண்டம் செலுத்தியது. அந்தக் கப்பல்களில் இருந்த பயணிகளும் எதையும் தொடாமல் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

ஜூனோவில் எல்லோரும் பார்க்க விரும்புவது மெண்டன்ஹோல் பனியாற்றை. அது உருகிச் சுருங்கி வருகிறது. அதனோடு முன்பு இணைந்திருந்த ஒரு கிளைப் பனியாறு பின்வாங்கியதால் உண்டான பள்ளத்தில் கோடைதோறும் நீர் தேங்கி, திடீரென உடைத்துக்கொண்டு பாய்கிறது. 2023 ஓகஸ்டில் அந்த வெள்ளம் ஆற்றங்கரை வீடுகளை அரித்து விழுத்தியது. 2024 ஓகஸ்டில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது. இங்கு நீதியாகப் பேச வேண்டும். எல்லாப் பனியும் நம் புகையால் உருகியது என்று சொல்வது சரியல்ல. பனியாற்று விரிகுடாவில் பனி பின்வாங்கியதன் பெரும்பகுதி, உலகம் இன்றுபோல் எண்ணெய் எரிக்கத் தொடங்குமுன்பே நடந்துவிட்டது. ஆனால் இன்று அலாஸ்காவின் பனியாறுகள் வேகமாகக் கரைவதில் மனிதனின் பங்கு உண்டு. மறைந்துபோகுமுன் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர், மறைவதை விரைவுபடுத்தும் எரிபொருளிலேயே ஓடுகிறார். கடுமையான நோயாளியைப் பார்க்க அன்போடு போகிறவர்கள் அவருடைய அறையை நிறைத்து, அவர் மூச்சுவிடும் காற்றையும் குறைத்துவிடுவதைப் போன்றது இது. போனவர்களின் அன்பு பொய்யல்ல. அறையில் காற்றுக் குறைந்ததும் பொய்யல்ல.

அப்படியானால் கதவை மூடிவிடுவதா? அதுவும் இலேசான முடிவல்ல. ஹூனா கிராமத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே பழைய மீன் பதனிடும் தொழிற்சாலையை அந்த மக்களின் சொந்தக் கூட்டுத்தாபனமே திருத்தியமைத்து, 2004 முதல் உல்லாசக் கப்பல்களை வரவேற்று வருகிறது. அதில் வேலையும் வருமானமும் உண்டு. யாருடைய தாயகம் பறிபோனது என்று நாம் இரங்குகிறோமோ அவர்களே விருந்தினரை அழைக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஜூனோவிலும் 2024 ஒக்டோபரில், சனிக்கிழமைகளில் பெரிய கப்பல்களே வரக்கூடாது என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. அங்குள்ள பலரின் அடுப்பு அந்தக் கப்பல்களால் எரிகிறது.

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வந்தது விருந்தோம்பல் பற்றிய நபிமொழி. விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும், விருந்து மூன்று நாட்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதே ஹதீஸின் மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கியிருப்பது ஆகுமானதல்ல என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். விருந்தாளிக்கு உரிமை கொடுத்த மார்க்கம் அவனுக்கு ஓர் எல்லையையும் வைத்திருக்கிறது. எல்லை மீறப்படும்வரை வீட்டுக்காரர் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். ஆகவே அதை அறிந்துகொள்ளும் பொறுப்பு விருந்தாளியுடையது.

அலாஸ்காவிலேயே இந்த எல்லைக்கு நல்ல உதாரணங்கள் உள்ளன. டெனாலிக்குச் செல்லும் நெடுஞ்சாலை 1971இல் பூர்த்தியானது. வாகனங்கள் பெருகப் போகின்றன என்பதை உணர்ந்த பூங்கா நிர்வாகம் அடுத்த வருடமே தனியார் கார்களைக் கட்டுப்படுத்தி பஸ் சேவையைத் தொடங்கியது. 148 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் சொந்தக் காரில் ஏறத்தாழ முதல் 24 கிலோமீற்றர்தான் போகலாம். கோடீஸ்வரரும் அதற்கப்பால் மற்றவர்களோடு பஸ்ஸில்தான் இருக்க வேண்டும். கரடி பாதையைக் கடந்தால் பஸ் நிற்கும். பனியாற்று விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. ஜூனோ நகரமும் கப்பல் கம்பனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்றும், 2026 முதல் பயணிகளுக்குச் சனிக்கிழமையில் 12,000, ஏனைய நாட்களில் 16,000 என்றும் உச்ச அளவு வைக்கப்பட்டது. இவை போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: பார்ப்பதும் எடுப்பதுதான், எடுப்பதற்கு அளவு வேண்டும்.

சட்டம் போடும் எல்லைக்கு அப்பால் நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் எல்லையும் இருக்கிறது. இப்னு பதூதா 1325இல் தஞ்சியரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ முப்பது வருடங்கள் பயணம் செய்தார். போன இடமெல்லாம் மற்றவர்களின் கூரையின் கீழ் தூங்கினார், அவர்களுடைய உணவை உண்டார். இன்றைய கப்பல் பயணியோ தன் கட்டிலையும் சமையலறையையும் கூடவே கொண்டுபோகிறார். காலையில் ஊருக்குள் இறங்கி மாலையில் தன் மிதக்கும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். ஊருக்கு வந்தார், ஆனால் யாருடைய வீட்டுக்கும் வரவில்லை. தான் ஒரு விருந்தாளி என்ற நினைப்பே அவருக்கு ஏற்பட வழியில்லை. அந்த நினைப்பு இல்லாவிட்டால் விருந்தாளிக்குரிய அதபும் இல்லை.

அண்மையில் நண்பர் மீண்டும் தொலைபேசியில் பேசினார். மூன்று முட்டைக் கூட்டைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “கப்பல்ல இத ஆரும் சொல்லல்ல” என்றார். பிறகு, “நானும் கேக்கல்ல” என்றார். அந்த இரண்டாவது வசனத்துக்காக அவர் மீது எனக்கு மரியாதை கூடியது. இனியொரு முறை போகக் கிடைத்தால் கோடையில் ஹூனாவில் இறங்கி இரண்டு நாள் தங்கப் போவதாகவும் சொன்னார். தங்குவதற்கு முன் அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுத் தங்கு என்று மட்டும் நான் சொன்னேன்.