அம்பலத்தில் இணையம்

ஓர் இடம் எதனால் பொதுவாகிறது என்பது பழைய கேள்வி. மன்றம், பொதியில், அம்பலம் என்ற சொற்கள் ஊரார் கூடும் இடத்தையும் தெய்வம் உறையும் இடத்தையும் சேர்த்தே குறித்தன. தில்லைக் கூத்தன் ஆடும் அரங்குக்கே 'பொது' என்று ஒரு பெயர் உண்டு. பெயர் பொதுவாக இருந்தும் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஊர்ப் பொது இடத்துக்கு இணையம் வரும்போது அதே கேள்வி திரும்பவும் எழுகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று இங்குள்ள 14 ஊராட்சிகளின் பெயர்களில் பழைய நாட்டுப் பிரிவு இன்னும் நிற்கிறது. செல்பேசி அலை எட்டாத மலை மடிப்புகளும் உண்டு. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் மிளகு விலை பார்க்கவும் இணையம் வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் அரசுத் திட்டத்தில் இந்த மலையும் அடக்கம்.

இந்த இணைப்பு கொடையா, உரிமையா? கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொடையில் கொடுப்பவன் மேலே நிற்பான். பெறுபவன் பாடிப் பரிசில் வாங்குவான். 'இலவச வைஃபை' என்ற சொல்லிலும் அந்த வாடை லேசாக அடிக்கிறது. அறிவின் இயல்பு வேறு. மணிமேகலையின் அமுதசுரபி போல அது எடுக்க எடுக்கக் குறையாது; ஆனால் அதைக் கொண்டுவரும் கம்பியின் வேகம் குறையும். பத்துப் பேர் படம் பார்த்தால் விண்ணப்பம் அனுப்ப வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். ஏரித் தண்ணீருக்கு முறை வைத்தவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

வாசலைப் பற்றிய தெளிவான பாடம் புதுச்சேரியில் கிடைத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கணினி வைத்த கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்க உழைத்ததும் அதே நிறுவனம்தான். புதுச்சேரியின் ஏம்பலம் என்ற ஊரில் மையம் கோயிலை ஒட்டிய அறையில் அமைந்தது. கோயில் வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் தடை இருந்தது. கணினி அறைக்குத் தனி வாசல் இருந்தது, அங்கே எவரும் நுழைய முடிந்தது. ஒரே கட்டடத்தில் தீட்டும் பொதுமையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கணினி சாதியை ஒழித்துவிடவில்லை, கோயில் வாசலும் அதனால் மாறிவிடவில்லை. ஆனால் ஊர்ப் பொது என்பதற்கு அளவுகோல் எது என்பதை அந்த இரண்டாவது வாசல் காட்டியது.

திறன் கருவிகள் வேறொரு வாசற்படியை வைக்கின்றன. பொது வைஃபை கைபேசி எண் கேட்கும், கடவுச்சொல் அனுப்பும். கைபேசி இல்லாத பாட்டிக்கு அங்கே இடமில்லை. கம்பத்துக் கேமரா வந்தவரைக் குறித்துக்கொள்ளும். நெருங்குபவரைச் சிரித்து மயக்கி அழிக்கும் பதுமையான கொல்லிப்பாவையின் கதை பிறந்த மலை கொல்லிமலை. ஆளை அறிந்து இயங்கும் பொறியைப் பற்றி இந்த மலைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கொல்லிமலைக்கு முதலில் வேண்டியது கம்பத்து வைஃபை அல்ல, ஆள் இருக்கும் அறை. புதுச்சேரி வீராம்பட்டினத்து அறிவு மையம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. கரையில் நின்ற மீனவர் எவருக்கும் அதைக் கேட்கக் கணினி தேவைப்படவில்லை.