விலையில்லாப் போகம்

ஆனி பிறந்து, மேற்கு மலையின் முடிகளில் மேகம் கவிந்து, சிவகிரியின் வயல்வெளிகளின் மேல் தென்மேற்குக் காற்று ஈரம் சுமந்து வீசத் தொடங்கிவிட்டால், கடைத்தெருவில் எதிர்ப்படும் இருவர் பரஸ்பரம் க்ஷேமம் விசாரித்துக்கொள்வதற்கும் முன்னால் கேட்டுக்கொள்வது, “குத்தாலத்துல தண்ணி விழுதா?” என்ற கேள்வியைத்தான். விழுகிறது என்று விடை கிடைத்த மறுநாளே, கொல்லம் நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊர்களைக் கடந்து செல்லும் பேருந்துகளில், தோளில் துண்டும் கையில் மாற்றுத் துணிப் பையுமாகக் குடும்பங்கள் ஏறிக்கொள்வதைக் காணலாம். பேருந்துக்குக் காசு வேண்டும். திரும்பும்போது வாங்கும் மங்குஸ்தானுக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் காசு வேண்டும். எதற்காகப் புறப்பட்டார்களோ அந்த அருவிக்கு மாத்திரம் விலை இல்லை. விலை கேட்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இப்படி விலை கொடாமல் துய்க்கும் இன்பத்துக்குச் சமயத்தில் இடம் உண்டா, அல்லது அது வெறும் உடற்களிப்புத்தானா என்பது எங்கள் பக்கத்தில் வெகுகாலமாகப் பெரியவர்களின் திண்ணைகளில் நடந்துவரும் விவாதம். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் க்ஷேத்திரங்களில் குற்றாலம் ஒன்று. ஆகவே அங்கே நீராடுவது சங்கற்பத்தோடும் உபவாசத்தோடும் செய்யத்தக்க ஒரு விரதம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். “தீர்த்தமாடப் போறவன் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டா போவான்?” என்று அவர்கள் ஏளனமாகக் கேட்பதில் ஒரு நியாயம் இல்லாமலும் இல்லை. அருவிக்கரையில் நாம் காண்பது ஜபமும் தியானமும் அல்ல. உடம்பு முழுவதும் எண்ணெய் மினுங்க மசாஜ் செய்துகொள்பவர்களும், குளிர் தாங்காமல் வீரிட்டு அலறும் குழந்தைகளும், குளித்து முடித்த கையோடு சுடச்சுட வடை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்களுமாகத்தான் அந்த இடம் காட்சி அளிக்கிறது. இதைத் தீர்த்த யாத்திரை என்று எப்படி ஒப்புக்கொள்வது?

ஆயினும் இப்படிக் கேட்பவர்கள் தங்கள் சமயத்தின் தத்துவத்தையே சற்று மறந்து பேசுகிறார்கள் என்பது என் கருத்து. சைவ சித்தாந்தம் உலகத்தைப் பொய் என்று தள்ளிவிடவில்லை. ஆணவ மலத்தால் அநாதியே மறைக்கப்பட்டுக் கிடக்கும் ஆன்மாவுக்கு, அம்மறைப்பு நீங்கிப் பக்குவம் எய்தும் பொருட்டு, இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கினையும் படைத்து அளிக்கிறான் என்பது அதன் கொள்கை. உடலும், மனம் முதலிய கருவிகளும், அவை உலவும் உலகமும், அவ்வுலகத்தில் நுகரும் நுகர்ச்சியும் ஆகிய நான்கும் ஒரே கையிலிருந்து வருபவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த நெறியைப் பின்பற்றுகிறவர்களுக்குப் போகம் என்பது நாணி ஒதுக்கவேண்டிய சொல் அன்று. அந்தப் போகம் நம்முடைய ஆணவத்தை வளர்க்கிறதா, தேய்க்கிறதா என்பதே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. வாங்கிய பொருளினால் வரும் இன்பத்தில் ‘எனது’ என்ற முனைப்பு எப்போதும் ஒளிந்திருக்கிறது; எவனும் வாங்க முடியாத, வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாத ஒன்றினால் வரும் இன்பத்தில் அது தங்க இடமே இல்லை. அந்த அளவில், விலையில்லாத இன்பம் விரதத்துக்குத் தாழ்ந்தது அன்று. சில சமயம் விரதத்தைவிடச் சுத்தமானதும்கூட. விரதம் இருப்பவனுக்கு ‘நான் விரதம் இருக்கிறேன்’ என்ற நினைவாவது மிஞ்சுகிறதல்லவா?

குற்றாலத்துப் பேரருவி நேரே நிலத்தில் வந்து விழுவதில்லை. மலையின் இடுப்பில் பொங்குமாங்கடல் என்று பெயர் பெற்ற ஓர் ஆழ்ந்த பாறைக் குழி இருக்கிறது. உச்சியிலிருந்து பாயும் வெள்ளம் முதலில் அதனுள் வீழ்ந்து, தன் வேகத்தை அங்கே இழந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் கீழே நிற்பவர்களின் தலைமேல் இறங்குகிறது. அந்தக் குழி இல்லையானால் அருவியின் கீழ் மனிதன் நிற்பது அசாத்தியம். வேகம் தணிந்த அந்த நீரே முதுகில் அறையும்போது மூச்சு முட்டுகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பேச வாயெடுத்தால் நீர்தான் உள்ளே போகிறது. பண்ணையார், அவருடைய வயலில் நாற்று நட்டவர், பள்ளி ஆசிரியர், அவரிடம் அடி வாங்கிய மாணவன் ஆகிய நால்வரும் ஒரே ஈரத் துண்டோடு, தோளோடு தோள் உரச, அடுத்திருப்பவர் யார் என்றே அறியாமல் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ‘நான்’ என்ற முனைப்பாகிய தற்போதம் ஒழிதல் என்று சாஸ்திரம் சொல்லும் நிலைக்கு இதை ஒப்பிட்டால் பண்டிதர்கள் சினங்கொள்ளக்கூடும்; நானும் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. ஆனால் அதன் வாடை இங்கே அடிக்கிறது என்றாவது சொல்லலாம்.

இனிக் கிழக்கே திரும்பிக் கடற்கரைக்குப் போவோம். தைப்பூசத்தை ஒட்டி, எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பச்சை ஆடை உடுத்து, பாட்டும் கோஷமுமாகத் திருச்செந்தூருக்குக் கால்நடையாகச் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். குன்றின் மேல் பாலசுப்பிரமணியனை வைத்துக்கொண்டிருக்கும் சிவகிரிக்காரர், அலைவாயில் நிற்கும் அதே தெய்வத்தைப் பார்க்க அத்தனை தூரம் ஏன் நடக்க வேண்டும்? அங்கே கடல் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை. கோயிலுக்குள் பொதுத் தரிசன வரிசையும் கட்டண வரிசையும் தனித்தனியே உண்டு. வெளியே கடலில் அந்தப் பேதம் கிடையாது. அலை எல்லாரையும் ஒரே விதமாகப் புரட்டிவிட்டு, நாழிக்கிணற்றின் நன்னீருக்கு அனுப்பிவைக்கிறது. கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் சூரசம்ஹாரம் நடைபெறுவதும் கூரையோ சுவரோ இல்லாத அந்த மணல்வெளியில்தான். பூதாகாரமான ஒரு நாடகத்தை லட்சக்கணக்கானவர்கள் டிக்கெட் இன்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிரசாதமாகக் கிடைக்கும் விபூதியோ பன்னீர் இலையில் மடித்தது. அந்த இலையின் நரம்புகள் பன்னிரண்டும் ஆறுமுகனின் பன்னிரு கரங்கள் என்பது அடியார்களின் நம்பிக்கை. மரத்திலிருந்து பறித்த இலை, சாம்பல். இவ்விரண்டையும் விடக் குறைந்த விலையுள்ள வஸ்துக்களை உலகத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பட்டணத்திலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் சென்னைக் கடலோரத்தில் உலாச் சாலை அமைத்தபோது, அது சில காலத்திற்குள் ஒரு தேசத்தின் அரசியல் பள்ளிக்கூடமாகும் என்று எண்ணியிருக்க மாட்டார். பாரதியார் முதலியோர் திருவல்லிக்கேணிக் கடற்கரை மணலில் நின்று பேசியதைக் கேட்க ஒருவரும் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியற்காலைப் பனியில் பாபநாசம் சிவன் பஜனை நடத்தி வந்தார். சபையில் பாடுபவர் வேறு, கேட்பவர் வேறு. வீதி பஜனையில் கேட்க வந்தவனும் இரண்டாம் அடியில் பாடத் தொடங்கிவிடுகிறான். எங்கள் ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியிலும், பிற்காலத்தில் குற்றாலத்திலும், வந்தவர்க்கெல்லாம் சோறும் கம்பனும் சேர்த்துப் பரிமாறினார் என்பது இந்த ஜில்லாவில் எல்லாரும் அறிந்த சங்கதி.

ஆனால் விலையில்லை என்று பெருமை பேசுவதற்கு முன்னால் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நாம் விலை கொடுக்கவில்லை என்பதற்கு, எவரும் கொடுக்கவில்லை என்று பொருள் அல்ல. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஊறு நேருமானால் அதைச் சீர்செய்து காப்பவர்களின் அடியில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தை அங்கேயே கல்லில் வெட்டி வைத்தான். முடி சூடிய ஓர் அரசன் இன்னும் பிறவாத குடிமக்களின் காலில் விழுவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பிளவுண்டு நெடுங்காலம் பாழ்பட்டு நின்ற கோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அதன் வாயிலில் முகத்தில் மோதும் காற்றைச் சும்மா அனுபவித்துவிட்டு உள்ளே போகிறோமே, அந்த நிழலுக்கும் காற்றுக்கும் உரிய விலையை அந்த அரசனும், அவன் வணங்கிய பிற்காலத்தவர்களும் செலுத்தி முடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. கட்டணம் இல்லாமல் இருப்பது ஒன்று. கதவு திறந்திருப்பது வேறொன்று. இந்நாட்டுப் பெருங்கோயில்களில் நெடுங்காலம் நுழைவுக்குக் காசு இல்லை, ஆனால் ஜனங்களில் ஒரு பெரும் பகுதியாருக்கு நுழைவே இல்லை. குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 வரையில் திருவிதாங்கூரைச் சேர்ந்த பூமி. அந்த அரசு 1936 நவம்பர் 12ஆம் தேதி, தன் பொறுப்பிலிருந்த கோயில்களை ஹிந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. எல்லைக்கு இப்பால் இருந்த சென்னை மாகாணத்தில், 1939 ஜூலையில் மதுரை மீனாக்ஷி கோயிலில், நுழைவு மறுக்கப்பட்டிருந்தவர்களை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் செய்த ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகே அதற்குச் சட்டம் வந்தது. மேகமும் மலையும் சாரலும் இரு புறத்தாருக்கும் ஒன்றாயிருக்க, ஆண்டவனுடைய வாசல் மட்டும் எல்லைக் கல்லைப் பார்த்துத் திறந்தது என்பதை எண்ணும்போது, பக்தியைப் பற்றிய நம்முடைய அலங்கார வார்த்தைகள் கொஞ்சம் நாணப்படத்தான் வேண்டும்.

எங்கள் சிவகிரி வழியாகச் செல்லும் சாலை மலையைக் கடந்து கொல்லத்தில் அரபிக் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே வர்க்கலையில் மற்றொரு சிவகிரி இருக்கிறது. நாராயண குரு 1928இல் சமாதி அடைந்த இடம் அது. அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து, ஜாதி பேதமின்றி அனைவரும் சகோதரராக வாழும் இடம் இது என்று எழுதி வைத்தவர் அவர். அவரைக் காந்தியடிகள் 1925இல் வர்க்கலையில் சந்தித்தார். பிறகு, கோயில்கள் திறக்கப்பட்டதை ஒட்டி 1937 ஜனவரியில் திருவிதாங்கூருக்கு வந்தபோது, காந்தியடிகள் கொல்லம் முதலிய ஊர்களில் ஈசாவாசிய உபநிஷதத்தின் முதல் மந்திரத்தை எடுத்து விளக்கினார். இவ்வுலகம் முழுவதும் ஈசனால் நிறைந்தது, ஆகையால் உரிமையை விட்டுவிட்டே எதையும் அனுபவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். துறவும் துய்ப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்று ரிஷி அங்கே சொன்னதைத்தான், தனு கரண புவன போகம் என்று சித்தாந்தி வேறு முறையில் சொன்னார். திண்ணைப் பெரியவருக்கு நான் சொல்லும் பதில் இதுவே: எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறவனும் தீர்த்தமாடுகிறவன்தான், அருவி தன்னுடையது என்று அவன் நினைக்காத வரையில்.

அப்படி நினைத்தவர்களும் உண்டு. மலையிலிருந்து இயற்கையாக வரும் நீரோட்டத்தைத் திருப்பி, தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவிகள் அமைத்துப் பணம் வாங்கிக் குளிக்க விடுகிறார்கள் என்ற வழக்கு 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. அவற்றை மூடும்படி உத்தரவும் பிறந்தது. அருவியில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் உபயோகிப்பதைத் தடுக்கவும் அதே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. முன்னது பேராசை, பின்னது அசிரத்தை. பேராசைக்காரர்கள் சிலர், அசிரத்தைக்காரர்கள் நாம் எல்லாரும்.

ஆகவே, வருகிற சாரலுக்குக் குற்றாலம் செல்லும் அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே: சோப்பையும் ஷாம்பு உறையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள், பழைய துணியை ஓடையில் விட்டுவிட்டு வராதீர்கள், ஐந்து நிமிஷம் அருவியில் நின்றபின் பின்னால் காத்திருப்பவருக்கு, அவர் எவராயிருந்தாலும், இடம் விட்டு விலகுங்கள்.